சொன்னவர் யார்? – நம் முன்னோர் நடத்திய இதழ்களும் இன்றைய இளைஞர்களும்



இவ்வாண்டு நமது கல்வி உதவித்தொகை வழங்கும் நாளன்று, பன்னிரண்டாம் வகுப்பில் தேறிய மாணவ மாணவியரை முன்வரிசையில் அமர்த்தி, மேற்கொண்டு என்ன படிக்க விரும்புகிறீர்கள் என்று ஒவ்வொருவராகக் கேட்டோம். கணினி அறிவியல், வணிகவியல், செவிலியர் பயிற்சி, மருந்தியல் என்று வழக்கமான விடைகள் வந்தன. ஒரு மாணவி மட்டும் ‘இதழியல்’ என்றார். பின்வரிசையில் சிரிப்பொலி எழுந்தது. பட்டுத் தறியிலேயே ஆயுளின் பெரும்பகுதியைக் கழித்த அவருடைய தந்தையார் எழுந்து நின்று, “இந்தக் காலத்தில் செய்தியை யாரம்மா நம்புகிறார்கள்? நம்பாத சரக்கை விற்பதற்கா படிக்கப் போகிறாய்?” என்றார். மேடையிலிருந்த எவரிடமும் அதற்கு உடனடி விடை இல்லை. போதாக்குறைக்கு, நமது விண்ணப்பப் படிவத்தின் படிப்புகள் பட்டியலில் இதழியல் என்ற சொல்லே இல்லாதிருந்தது. அந்த மாணவி ‘இதர’ என்ற கட்டத்தில்தான் அதை எழுதிக் கொடுத்திருந்தார்.

அந்தத் தந்தையாரின் கேள்வி நியாயமற்றது என்று நாம் சொல்ல மாட்டோம். ஆயினும் அதற்கு விடை தேடிப் பழைய இதழ்களின் வரலாற்றைப் புரட்டியபோது, செய்தியை நம்ப முடியவில்லை என்ற குறை நம் காலத்தில் மட்டும் தோன்றியதன்று என்பதும், அக்குறை தோன்றிய போதெல்லாம் நம் முன்னோரில் சிலர் சும்மா இருந்துவிடவில்லை என்பதும் தெரிய வந்தன. அவற்றுள் சிலவற்றை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

கடல் கடந்து பிறந்த இதழ்கள்

தமிழ் முஸ்லிம்கள் நடத்திய தொடக்ககால இதழ்களுள் பெரும்புகழ் பெற்றவை தமிழகத்தில் பிறக்கவில்லை. இலங்கையிலும் சிங்கப்பூரிலும் பிறந்தன. வணிகத்தின் பொருட்டுக் கடல் கடந்தவர்களுக்கே செய்தியின் தேவை முதலில் உறைத்தது போலும். கண்டியைச் சேர்ந்த வழக்கறிஞர் முகம்மது காசிம் சித்தி லெப்பை (1838–1898) ‘முஸ்லிம் நேசன்’ என்னும் இதழை 1882 டிசம்பர் 21 அன்று தொடங்கினார். அதே 1882இல்தான் சென்னையில் ஜி. சுப்பிரமணிய ஐயர் ‘சுதேசமித்திர’னை வார இதழாகத் தொடங்கினார் என்பதை நினைவிற்கொண்டால், நம்மவர் இத்துறைக்குப் பிந்தி வந்தவர்கள் அல்லர் என்பது விளங்கும்.

‘முஸ்லிம் நேசன்’ தோன்றிய காலத்தைச் சற்று உற்று நோக்குவோம். அதே ஆண்டு எகிப்தில் ஆங்கிலேயப் படை புகுந்து, அஹ்மத் உராபி பாஷாவைத் தோற்கடித்தது. அவர் நாடு கடத்தப்பட்டு 1883 ஜனவரியில் கொழும்பு வந்து சேர்ந்தார். ஆங்கிலேயர் கண்ணில் அவர் கலகக்காரர். தம் நாட்டவருக்கோ அவர் தலைவர். இவ்விரண்டில் எது உண்மை என்று இலங்கைத் தீவில் வாழ்ந்த ஒரு சாமானிய முஸ்லிம் எப்படி அறிவார்? தந்தி வழியே வந்த செய்தி ஆங்கிலேயர் கையில் இருந்தது. சித்தி லெப்பை பாஷாவை வரவேற்று, அவரோடு நெருங்கிப் பழகி, அந்த வரலாற்றைத் தமிழ் வாசகர் அறியச் செய்தார். சமுதாயத்தின் கல்விக் குறையையும் அதே இதழில் கடிந்தெழுதினார். பிறர் செய்தியில் குறை கண்டவர் தம்மவர் குறையையும் மறைக்காமல் எழுதியதனால்தான் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டாயிற்று என்று கருதுகிறோம்.

சிங்கப்பூரில் சி. கு. மகுதூம் சாயிபு 1887இல் ‘சிங்கை நேசன்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். அதற்கு முன் ‘சிங்கை வர்த்தமானி’ முதலியவற்றையும் அவர் நடத்தியவர். ‘சிங்கை நேசன்’ 1890 வரை வெளிவந்தது. மூன்றாண்டுதானே என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கையால் கோத்து, சந்தாத் தொகையைக் கடிதம் எழுதி எழுதிப் பெற்று, வாரந்தோறும் ஒரு தமிழ் இதழை அயல்நாட்டில் அச்சிட்டு வெளியிடுவது எத்தகைய பாடு என்பது, ஆண்டுக்கொரு மலர் வெளியிடவே திணறும் நமக்கு நன்றாகத் தெரியும்!

பெயரும் முகவரியும்

இந்நேரத்தில் ஒரு சட்டத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். 1867ஆம் ஆண்டின் அச்சகங்கள் மற்றும் நூல்கள் பதிவுச் சட்டம் நம் நாட்டில் அச்சாகும் ஒவ்வொரு தாளிலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட இடமும் இருக்க வேண்டும் என்று விதித்தது. ஆங்கிலேயர் அதை நம் நன்மைக்காகவா கொண்டுவந்தார்கள்? தமக்கு எதிராக எழுதுவோரைக் கண்டுபிடிக்கவே கொண்டுவந்தார்கள். 1857இல் ‘டெல்லி உருது அக்பார்’ இதழின் மௌலவி முகம்மது பாக்கர் அவர்கள் ஆங்கிலேயரால் கொல்லப்பட்ட வரலாற்றை நாம் அறிவோம். மௌலானா அபுல் கலாம் ஆசாத் அவர்கள் 1912இல் கல்கத்தாவில் தொடங்கிய ‘அல் ஹிலால்’ இதழின் 2,000 ரூபாய் பிணைத்தொகையைப் பறிமுதல் செய்து, மேலும் 10,000 ரூபாய் கட்டச் சொல்லி, 1914இல் அவ்விதழை நிற்கச் செய்ததும் அதே ஆட்சிதான். அடுத்த ஆண்டே ‘அல் பலாக்’ என்ற பெயரில் அவர் மீண்டும் தொடங்கினார். 1916இல் வங்காளத்தை விட்டு வெளியேற்றப்பட்டு, ராஞ்சியில் காவலில் வைக்கப்பட்டார்.

ஆளுவோர் எந்த நோக்கத்தில் விதித்திருந்தாலும், பெயரும் முகவரியும் போட்டு எழுதுவது என்ற வழக்கம் வாசகனுக்கு ஒரு நன்மையைச் செய்தது. சொன்னவர் யார் என்பது தெரிந்தது. பொய்யென்றால் அவர் வாசலில் போய்க் கேட்கலாம், வழக்குத் தொடுக்கலாம், குறைந்தபட்சம் மறுப்புக் கடிதமாவது எழுதலாம். நம் மார்க்க அறிஞர்களுக்கு இது புதிதன்று. நபிமொழிகளைத் திரட்டியோர், செய்தியை மட்டும் பதிவு செய்யாமல், அதை யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற அறிவிப்பாளர் தொடரையும் சேர்த்தே பதிவு செய்தனர். தொடரில் ஒருவர் நினைவாற்றல் குறைந்தவர் என்றால் அச்செய்தியின் தரம் இறங்கியது. இருவர் சந்தித்திருக்கவே முடியாத காலத்தவர் என்றால் தொடர் அறுந்தது. இதற்காகவே அறிவிப்பாளர்களின் வாழ்க்கை வரலாறு தனியொரு கலையாக வளர்ந்தது. செய்தி கொண்டுவருபவரைப் பற்றித் தீர விசாரிக்கும்படி திருக்குர்ஆனின் ஹுஜுராத் அத்தியாயம் 6ஆம் வசனம் பணிப்பதை ஜும்ஆ மேடைகளில் பலமுறை கேட்டிருக்கிறோம். கேட்டுவிட்டு வீடு திரும்பும் வழியிலேயே கைப்பேசியில் வந்ததை நாலு பேருக்குத் தள்ளிவிடுவதும் நாம்தான்.

தாவூத் ஷாவும் ‘தாருல் இஸ்லா’மும்

தமிழகத்தில் இதழ் நடத்திய முஸ்லிம்களுள் பா. தாவூத் ஷா (1885–1969) அவர்களுக்குத் தனியிடம் உண்டு. கும்பகோணத்தை அடுத்த நாச்சியார்கோயில் பகுதியைச் சேர்ந்த அவர், கணித மேதை இராமானுஜனின் பள்ளித் தோழர். படித்துப் பட்டம் பெற்று, சப்-மாஜிஸ்திரேட்டாகப் பணியாற்றி, ஒத்துழையாமை இயக்கக் காலத்தில் 1921இல் அப்பதவியை உதறினார். நிலையான அரசு வேலையை விட்டுவிட்டு இதழ் நடத்தப் போகிறேன் என்று இன்று நம் பிள்ளை சொன்னால், வீட்டில் என்ன நடக்கும் என்பதை வாசகர்களே எண்ணிக்கொள்ளலாம். அன்றும் அதுவே நடந்திருக்கும்.

1920களில் தொடங்கிய அவரது ‘தாருல் இஸ்லாம்’ 1950கள் வரை, இடையே பல இடர்களைக் கடந்து வெளிவந்தது. அவருடைய மார்க்கக் கருத்துகள் சிலவற்றை அக்கால உலமாக்கள் கடுமையாக மறுத்தனர். அந்த விவாதத்திற்குள் இங்கே நாம் செல்லவில்லை. அவருடைய தமிழையும் தொழில் நேர்மையையும் மறுத்தவர் அரிது. தம் இதழில் பிழை கண்டுபிடித்து எழுதும் வாசகருக்கு அஞ்சல் தலைகளைப் பரிசாக அனுப்புவதாக அவர் அறிவித்திருந்தார் என்று அவரைப் பற்றி எழுதியோர் குறித்துள்ளனர். பரிசு சிறிது. எனினும் அதன் பொருள் பெரிது: வாசகனைத் தன் இதழுக்குக் கணக்குப் பார்ப்பவனாக அவர் அமர்த்திவிட்டார். தவற்றைச் சுட்டினால் முகம் சுளிக்கும் இன்றைய தொலைக்காட்சிகளையும், தவற்றைச் சுட்டினால் குழுவைவிட்டே நீக்கிவிடும் நம் வாட்ஸ்அப் நிர்வாகிகளையும் ஒருங்கே நினைத்துக்கொண்டோம்.

அவ்விதழில் எழுதிய பெண்களுள் ஒருவர் நாகூர் சித்தி ஜுனைதா பேகம் (1917–1998). மூன்றாம் வகுப்போடு பள்ளிப்படிப்பு நின்றவர். 1938இல் வெளிவந்த அவரது ‘காதலா கடமையா’ நாவலுக்குத் தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாத ஐயர் முன்னுரை வழங்கினார். வீட்டைவிட்டு அதிகம் வெளியேறாத ஒரு பெண்மணி எழுதுவதற்கு இதழ் ஒன்று இடம் கொடுத்தது, அவர் எழுதினார். நம் மேடையில் ‘இதழியல்’ என்று சொன்ன மாணவியைப் பார்த்துச் சிரித்தவர்கள், ஏறத்தாழத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முந்திய இந்நிகழ்ச்சியை அறிந்திருக்க மாட்டார்கள்.

பின்னர் தமிழகத்தில் ‘முஸ்லிம் முரசு’, ‘பிறை’, ‘மணிவிளக்கு’, ‘சமரசம்’ என்று பல இதழ்கள் தோன்றின. ‘மணிவிளக்கு’, நாளிதழான ‘மணிச்சுடர்’ ஆகியவற்றின் ஆசிரியராக விளங்கிய ஆ. கா. அ. அப்துல் சமது அவர்களை நம் பகுதியினருக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. வேலூர்த் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தவர். திருக்குர்ஆனைத் தமிழில் பெயர்த்த அப்துல் ஹமீது பாகவி அவர்களின் மகனார். இவ்விதழ்களைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுத வேண்டும். இங்கே பெயர் சொல்வதோடு நிறுத்துகிறோம்.

கையால் எழுதிய நாளிதழ்

நம் மஹல்லாவில் உருது பேசும் குடும்பங்களும் உள்ளமையால், சென்னைத் திருவல்லிக்கேணியில் வெளிவந்த ‘முஸல்மான்’ நாளிதழைப் பற்றிச் சொல்வது பொருந்தும். சையத் அஸ்மத்துல்லா அவர்கள் 1927இல் இதனைத் தொடங்கினார். அவ்வாண்டு சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டின் தலைவரான டாக்டர் முக்தார் அஹ்மத் அன்சாரி அவர்கள் தொடக்கி வைத்தார். அவருக்குப் பின் அவர் மகனார் சையத் பஸ்லுல்லா 2008இல் காலமாகும் வரை நடத்தினார். பிறகு பேரர் சையத் ஆரிபுல்லா பொறுப்பேற்றார்.

இதழின் சிறப்பு என்னவெனில், நாடெங்கும் கணினி எழுத்து வந்துவிட்ட பின்னரும், இந்நாளிதழ் கையால் எழுதப்பட்டே வெளிவந்தது. காத்திபுகள் எனப்படும் எழுத்தர்கள், பேனாவும் மையும் கொண்டு நான்கு பக்கங்களையும் எழுதுவர். ஒரு பக்கம் எழுத ஏறத்தாழ 3 மணி நேரம் ஆகும். எழுதி முடித்த தாளைப் படம் எடுத்து, அச்சுத் தகடாக மாற்றி அச்சிடுவர். காத்திபுகளில் பெண்களும் இருந்தனர். முதல் பக்கத்தின் ஒரு மூலையை மட்டும் எழுதாமல் விட்டு வைப்பார்கள். கடைசி நேரத்தில் முக்கியச் செய்தி ஏதும் வந்தால் அந்த இடத்தில் அது எழுதப்படும். விலை 75 காசாக இருந்தது.

அந்த வெற்றிடத்தை நினைக்கும்போது நமக்கு ஒன்று தோன்றுகிறது. ஒரு நாளில் நடந்த அத்தனையிலும் எது அந்த மூலைக்குத் தகுதியானது என்று ஒருவர் அமர்ந்து தீர்மானிக்க வேண்டியிருந்தது. தவறாக எழுதிவிட்டால் திருத்துவதும் எளிதன்று. இடம் குறைவு, நேரம் குறைவு, ஆகவே கவனம் மிகுதி. இன்று இடத்திற்கும் எல்லையில்லை, நேரத்திற்கும் எல்லையில்லை.

தறிக்குழியில் கேட்ட வானொலி

மேலே குறிப்பிட்ட அந்த நெசவாளரை மறுநாள் அஸருக்குப் பின் பள்ளிவாசல் திண்ணையில் சந்தித்தோம். ‘செய்தியை எப்போதுமே நம்பாதவரா நீங்கள்?’ என்று கேட்டோம். சிரித்துவிட்டு, தம் இளமையில் தறிக்கூடத்தில் ஒரு வானொலிப் பெட்டி இருந்ததைச் சொன்னார். குழித்தறியில் காலை மிதித்துக்கொண்டே ஆகாசவாணியின் மாநிலச் செய்தியும், தில்லியிலிருந்து சரோஜ் நாராயணசுவாமியின் குரலும், இரவில் பி.பி.சி. தமிழோசையும் கேட்டாராம். நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்ட 1975க்குப் பின், இதழ்கள் தணிக்கைக்கு உட்பட்டிருந்த நாள்களில், தமிழோசையைக் கேட்டால்தான் உண்மை தெரியும் என்று பெரியவர்கள் பேசிக்கொள்வார்களாம். 1941இல் தொடங்கிய அந்தத் தமிழ் வானொலிச் சேவை 2017 ஏப்ரலோடு நின்றுவிட்டது.

அதைவிட அவர் சொன்ன மற்றொன்று நம் சிந்தனைக்குரியது. நெசவாளனுக்கு வேண்டிய செய்தி வேறு என்றார். கச்சாப் பட்டு கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. அங்கே விலை ஏறினால் இங்கே பாவு போடுவதா, சில நாள் பொறுப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். ‘விலை ஏறப் போகிறதாம்’ என்று எவரோ கிளப்பிவிட்ட பேச்சை நம்பிக் கடன் வாங்கிப் பட்டு வாங்கியவர்கள் நட்டப்பட்டதை அவர் பார்த்திருக்கிறார். “அதனால், சொன்னவனுக்கு அதில் என்ன லாபம் என்றுதான் முதலில் பார்ப்போம்” என்றார். இதழியல் கல்லூரியில் இதைத்தான் ஒரு பருவம் முழுதும் கற்றுக் கொடுக்கிறார்கள் என்று நாம் சொன்னபோது, அவர் மீண்டும் சிரித்தார். மகளைப் படிக்க வைப்பதாக ஒப்புக்கொள்ளவில்லை.

2018 மே மாதம், நம் பக்கத்துத் தாலுகாவில்

இனிச் சொல்லப்போவது பழைய வரலாறு அன்று. நம்மில் பலர் மறக்க விரும்பும் நிகழ்ச்சி.

2018ஆம் ஆண்டு ஏப்ரல், மே மாதங்களில், வட மாநிலங்களிலிருந்து குழந்தை கடத்தும் கும்பல் வந்துள்ளதாக வாட்ஸ்அப்பில் ஒலிப்பதிவுகளும் படங்களும் வேலூர், திருவண்ணாமலை மாவட்டங்களெங்கும் பரவின. ஏப்ரல் இறுதியில் குடியாத்தம் அருகே, வழிதெரியாது வந்த ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார். மே 9 அன்று, சென்னையிலிருந்து மகிழுந்தில் தம் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு குடும்பத்தார், போளூரை அடுத்த அத்திமூர் பகுதியில் வழி கேட்டுக்கொண்டு சென்றனர். அவர்களுள் அறுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டி, வழியில் நின்ற குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார். அவ்வளவுதான். பிள்ளை பிடிப்பவர்கள் என்ற பேச்சு அடுத்த ஊருக்கு அவர்களைவிட விரைவாகப் போய்ச் சேர்ந்தது. கூட்டம் வண்டியை மறித்து அடித்தது. அந்த மூதாட்டி இறந்தார். உடனிருந்தோர் படுகாயமுற்றனர். பலர் கைதாயினர்.

இதைச் செய்தவர்கள் கொடியவர்கள் என்று சொல்லி ஒதுங்கிவிட நமக்கு மனம் வரவில்லை. நம் மாவட்டத்தார், நம்மைப் போலவே பிள்ளை பெற்றவர்கள். அதே ஒலிப்பதிவு நம் மஹல்லாவின் குழுக்களிலும் வந்தது. நம் வீட்டுப் பெண்மக்கள் அச்சத்தோடு அதைக் கேட்டார்கள், உறவினர்க்கு அனுப்பினார்கள். அனுப்பியவர் பெயர் இருந்தது. முதலில் பேசியவர் பெயர் இல்லை. அறிவிப்பாளர் தொடரின் முதல் கண்ணியே இல்லாத செய்தி அது. அக்காலத்தில் நாட்டின் பல பகுதிகளில் சுற்றிய ஒரு காணொளி, பாகிஸ்தானின் கராச்சியில் குழந்தைகள் பாதுகாப்பிற்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படத்தின் ஒரு துண்டு என்பது பின்னர் தெரிந்தது. தூக்கிச் சென்ற குழந்தையைத் திரும்ப விட்டுவிட்டு, விழிப்பாயிருங்கள் என்று அட்டையைக் காட்டும் இறுதிப் பகுதியை யாரோ வெட்டி எறிந்திருந்தனர்.

2018 ஜூலையில், ஒரு செய்தியை ஒரே வேளையில் 5 பேருக்கு மேல் அனுப்ப முடியாதபடி வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் கட்டுப்படுத்தியது. அத்திமூரில் உயிரிழந்தவருக்கு அது பயன்படவில்லை.

நம்மைப் பற்றிய செய்தி

இரண்டே ஆண்டுகளில் நாம் மறுபக்கத்தில் நின்றோம். 2020 மார்ச்சில் தில்லி நிஜாமுதீனில் தப்லீக் மாநாட்டில் கலந்துகொண்டு திரும்பியோர் சிலருக்குக் கொரோனா தொற்று இருந்தது உண்மை. தொற்றைப் பற்றிய அச்செய்தியை, ஒரு சமுதாயமே வேண்டுமென்று நோயைப் பரப்பியது போல் பல தொலைக்காட்சிகள் இரவு பகலாகச் சொன்னதும் உண்மை. நம் காய்கறி வண்டிக்காரரிடம் வாங்கத் தயங்கியவர்களை நாமறிவோம். அவர்களும் நேற்றுவரை வாடிக்கையாளர்கள்தாம்.

அவ்வாண்டு ஆகஸ்டில் மும்பை உயர்நீதிமன்றத்தின் அவுரங்காபாத் அமர்வு 29 வெளிநாட்டவர் மீதான வழக்குகளைத் தள்ளுபடி செய்து, அவர்கள் பலிகடாவாக்கப்பட்டதாகக் கருத்துரைத்தது. 2025 ஜூலையில் தில்லி உயர்நீதிமன்றம் 70 இந்தியர் மீதான வழக்குகளையும் நீக்கியது. குற்றச்சாட்டு எத்தனை இல்லங்களுக்குப் போயிற்றோ, அத்தனை இல்லங்களுக்குத் தீர்ப்பும் போய்ச் சேர்ந்ததா? நம் ஊர்த் தேநீர்க் கடைகளில் விசாரித்தால் விடை கிடைக்கும்.

அன்று ஆறாம், ஏழாம் வகுப்பில் இருந்த பிள்ளைகள்தாம் இன்று நம்மிடம் உதவித்தொகை பெற வருகிறார்கள். தொலைக்காட்சிச் செய்தியை அவர்கள் நம்புவதில்லை என்றால், அவர்களைக் குறை சொல்ல நமக்கு நாவெழவில்லை. ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராய்ட்டர்ஸ் நிறுவனம் 2021இல் எடுத்த கணக்கின்படி, செய்தியைப் பெரும்பாலும் நம்புவதாக இந்தியாவில் கூறியோர் 38 விழுக்காட்டினர். அது இணையத்தில் புழங்கும், ஆங்கிலம் அறிந்தோரிடம் எடுத்த கணக்கு. நம் நெசவாளர்களிடம் எவரும் வந்து கேட்கவில்லை.

நம்மை வருத்துவது வேறொன்று. நாளிதழை நம்பாத அதே பிள்ளை, பெயரில்லாத காணொளியை நம்புகிறான். ‘இதைத் தொலைக்காட்சியில் காட்ட மாட்டார்கள்’ என்ற ஒரு வரி மேலே இருந்தால் போதும், அதுவே அவனுக்குச் சான்றாகிவிடுகிறது. ஐயம் கொள்வது நல்லதுதான். அந்த ஐயம் ஒரு பக்கத்தை மட்டுமே நோக்குகிறதே! 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பொய்யான காணொளிகள் பரவி, பீகாரிலிருந்து அரசு அதிகாரிகள் குழுவே வந்து விசாரித்துச் சென்றது. அவற்றைப் பரப்பியோரும் தாம் மறைக்கப்பட்ட உண்மையைச் சொல்வதாகவே எண்ணியிருக்கக் கூடும்.

இத்தகைய காணொளிகளைச் சரிபார்ப்பது இப்போது தனித்தொழிலாகவே வளர்ந்துள்ளது. காணொளியை நிறுத்தி நிறுத்திப் படங்களாக்கி, இணையத்தில் அதே படம் முதன்முதலில் எப்போது, எங்கே வந்தது என்று தேடுகிறார்கள். கடைப் பலகையின் மொழியையும் வண்டிகளின் பதிவெண்ணையும் பார்க்கிறார்கள். உரிய காவல் நிலையத்திற்குத் தொலைபேசியில் பேசுகிறார்கள். தமிழில் 2017 முதல் ‘யூடர்ன்’ இதைச் செய்துவருகிறது. தமிழ்நாடு அரசும் 2023இல் தகவல் சரிபார்ப்பகம் ஒன்றை ஏற்படுத்தியது. அரசைப் பற்றிய செய்தியை அரசே சரிபார்க்கலாமா என்று கேட்போர் உளர். கேட்க வேண்டிய கேள்விதான்.

அலிகாரில் இரண்டே ஆண்டுகள்

படிப்பைப் பற்றிச் சில சொற்கள். இந்தியாவில் இதழியலைக் கல்லூரிப் பாடமாக்கும் முயற்சி நம் மாநிலத்தில்தான் தொடங்கிற்று. அன்னி பெசன்ட் அம்மையார் 1920இல் அடையாறு தேசியப் பல்கலைக்கழகத்தில் அதைத் தொடங்கினார், நிலைக்கவில்லை. அடுத்த முயற்சி நம் சமுதாயத்தின் பெருங்கல்விக்கூடமான அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் நடந்தது. சர் ஷா சுலைமான் அவர்களின் முன்முயற்சியில் 1938இல் பட்டயப் படிப்பாகத் தொடங்கி, 1940இல் மூடப்பட்டது. 1866இலேயே ‘அலிகார் இன்ஸ்டிட்யூட் கெசட்’ நடத்திய சர் சையத் அஹ்மத் கானின் மண்ணில் அது நிலைக்காமற் போனது வருந்தத்தக்கதே. 1941இல் லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழகமும், 1947இல் சென்னைப் பல்கலைக்கழகமும் தொடங்கியவை நிலைத்தன. 2000ஆம் ஆண்டில் ஆசிய இதழியல் கல்லூரி பெங்களூரிலிருந்து சென்னைக்கு வந்தது. 2025இல் தமிழ்நாடு அரசே சென்னையில் இதழியல் நிறுவனம் ஒன்றைத் தொடங்கி, முதுநிலைப் பட்டயப் படிப்பை நடத்த முன்வந்தது. கல்லூரியில் படிக்கும்போதே எழுதிப் பழக விரும்புவோர்க்கு விகடனின் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் பல தலைமுறைகளாக வாயிலாக இருந்து வந்துள்ளது.

மறைக்காமல் சொல்கிறோம்: இத்துறையில் தொடக்க ஊதியம் குறைவு, வேலை நிலையானதன்று, இரவு பகல் பாராது உழைக்க வேண்டும். கணினி படித்த பிள்ளை முதல் ஆண்டில் வாங்கும் சம்பளத்தை இதழாளர் பல ஆண்டுகள் கழித்தே வாங்கலாம். இதைத் தெரிந்துகொண்டு வருகிற பிள்ளையைத்தான் நாம் ஆதரிக்க வேண்டும். நம்மைப் பற்றி மட்டும் எழுதுவதற்காக ஒருவரைப் படிக்க வைப்பதும் நம் எண்ணம் அன்று. பட்டுக் கூலியையும், கமண்டல நாகநதியின் நிலையையும், அத்திமூரில் நடந்ததையும், நம் ஜமாஅத்தின் கணக்கில் தவறிருந்தால் அதையும் அவர் எழுத வேண்டும். கடைசியாகச் சொன்னதை நிர்வாகக் குழுவில் படித்துக் காட்டியபோது சிறிது நேரம் அமைதி நிலவியது. பிறகு, இருக்கட்டும் என்றார்கள்.

வரும் ஆண்டின் உதவித்தொகைப் படிவத்தில் இதழியல், காட்சித் தொடர்பியல் ஆகிய படிப்புகளுக்கு உரிய கட்டங்கள் சேர்க்கப்பட்டுள்ளன. மேலே குறிப்பிட்ட மாணவியின் விண்ணப்பம் நிலுவையில் உள்ளது. தந்தையாரின் ஒப்பக் கையெழுத்து இன்னும் வந்து சேரவில்லை.

‘தாருல் இஸ்லாம்’, ‘பிறை’, ‘முஸ்லிம் முரசு’, ‘மணிவிளக்கு’, ‘முஸல்மான்’ முதலிய பழைய இதழ்கள் எவர் வீட்டுப் பரணிலேனும் இருப்பின், கரையானுக்கோ பழைய தாள் கடைக்கோ போகுமுன் ஜமாஅத் அலுவலகத்தில் ஒப்படைக்கக் கேட்டுக்கொள்கிறோம். படியெடுத்துக்கொண்டு, விரும்பினால் மூலப் பிரதியைத் திருப்பித் தந்துவிடுவோம். கொடுப்பவர் பெயரும், அது அவருக்கு யாரிடமிருந்து வந்தது என்பதும் பதிவேட்டில் எழுதி வைக்கப்படும்.